மூட்டைப்பூச்சி எங்க வீட்டுலதான்

ஜவஹரின் இடது முன்கையில் மூன்று தடிப்புகள் இருந்தன. ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி ஒரே வரிசை, ஒரே இடைவெளி. ஜெயபாரதி கணவரை மெல்ல ஒருபக்கமாகச் சாய்த்து முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தாள்.

"கொசுவா?" என்றாள்.

"தெரியலை. அரிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேச்சு அப்படிச் சுருங்கிப்போயிருந்தது.

தேனாம்பேட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பன்னிரண்டு நாளும் ஜெயபாரதி அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். பிறகு அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, பாய், தலையணை, துணிப்பை, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் கூடவே அள்ளிப்போட்டு, கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடியில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்தத் துணிப்பையைப் பிரித்து அடுக்கத் தெம்பில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பதினாலு நாளாக அது அங்கேயேதான் கிடந்தது.

மறுநாள் அவர் கழுத்தில் நான்கு தடிப்புகள். அதற்கு மறுநாள் தலையணை உறையில் துருப்பிடித்த நிறத்தில் இரண்டு புள்ளிகள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் ஒரு லோஷன் பெயரைச் சொன்னார். வாங்கித் தடவினாள். தடிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படுக்கை விரிப்பை மாற்றும்போது மெத்தையின் ஓரத் தையலில் மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரிக் கறுப்பு கறுப்பாக ஏதோ தெரிந்தது. விரலால் தையலைப் பிரித்தாள். தட்டையாக, பழுப்பாக, ஆப்பிள் விதை அளவில் ஒன்று நகர்ந்தது. நகத்தால் நசுக்கினாள். ஊசிப்போன கொத்தமல்லித் தழை மாதிரி ஒரு நாற்றம் எழுந்தது. அந்த நாற்றம் போதும், வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. பெட்பேனைக் கழுவ வேண்டும். அவரை வாக்கர் பிடித்துப் பத்து நிமிடம் நடத்த வேண்டும். லீவு முடிந்துவிட்டது, நாளைக் காலை அடையாறில் அவள் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் போக வேண்டும். இத்தனைக்கும் பின்னால் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இன்னும் என்ன?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் ஜவஹர்.

"ஒண்ணுமில்லை. விரிப்பு கிழிஞ்சிருக்கு."

அவரிடம் ஏன் மறைத்தாள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. மூட்டைப்பூச்சி இருக்கும் வீடு என்றால் மனிதர்கள் முகம் எப்படி மாறும் என்பது மட்டும் தெரியும். தாங்கள் உட்காரும் நாற்காலியைக் கூடக் குனிந்து பார்ப்பார்கள். வடபழனியிலிருந்து தங்கை பார்க்க வருகிறேன் என்றபோது, "டாக்டர் யாரையும் விடக் கூடாதுங்கறார், இன்ஃபெக்‌ஷன் ஆயிடுமாம்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். தங்கைக்கு வருத்தம்.

கடையில் ஸ்பிரே வாங்கி வந்து அடித்தாள். ஜவஹர் இருமி இருமி, இருமலில் இடுப்பு அதிர்ந்து வலி தாங்காமல் கத்தினார். அதை மூடி வைத்துவிட்டாள். மெத்தைக்கு அடியில் வேப்பிலை பரப்பினாள், நாப்தலின் உருண்டை போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. தான் புரளும் சத்தம் இல்லாமல் அவராவது தூங்கட்டும் என்று தன் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு வாரத்தில் ஹாலிலும் அவள் கணுக்காலில் தடிப்பு வந்தது.

வீட்டு வேலைக்கு வரும் தேவானைக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. தேவானை இந்த பிளாக்கில் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். ஜெயபாரதி ஆபீஸ் போன பிறகு பத்து மணிக்கு வந்து, பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, ஜவஹருக்குக் கஞ்சி கொடுத்து, அவரைக் கைதாங்கலாக எழுப்பி வாக்கரில் நிறுத்திவிட்டுப் போவாள். அவள் ஒருத்தி இல்லையென்றால் ஜெயபாரதி வேலைக்கே போக முடியாது. படுக்கை விரிப்புகளை மட்டும் ஜெயபாரதி காலையிலேயே தானே வெந்நீரில் துவைத்துப் போட்டாள்.

இந்த நாட்களில்தான் கீழ் வீட்டு ஸ்வர்ணலதா இரண்டாவது முறையாக ஜவஹரைப் பார்க்க வந்தாள். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தி.நகரில் ஜவுளிக்கடை. முதல் முறை வந்தபோது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். அப்போது ஜெயபாரதிக்கு எதுவும் தெரியாது. இந்த முறை தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"இருக்கட்டும்க்கா, நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று ஸ்வர்ணலதா கட்டிலில் உட்கார்ந்து கைப்பையைப் பக்கத்தில் வைத்தாள்.

ஜெயபாரதி நாற்காலியைப் பிடித்தபடியே நின்றாள். எழுந்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் கட்டிலின் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் சாய்த்தாள். ஜவஹர் ஹாலில் நாற்காலியில் இருந்தார். மூன்றாவது பலகையோடு அவள் ஏறியபோது பக்கத்து வீட்டு அன்வரி பேகம் மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் மெஹபூப் அலி தேனாம்பேட்டையில் சோபா ரிப்பேர் கடை வைத்திருந்தார். அன்வரி பேகம் பலகையைப் பார்த்தாள், ஜெயபாரதியைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"ஜெயா, நாப்பது வருசமா ஜனங்க வூட்டு சோபாவைக் கிழிச்சுத் தைக்கிற குடும்பம் எங்களுது. கட்டில் பலகையை எதுக்கு வெயில்ல வெப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? எத்தினி நாளா?"

ஜெயபாரதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "மூணு வாரம் இருக்கும்க்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லலை. நீ இதுவரைக்கும் இன்னா பண்ணே, அதைச் சொல்லு."

சொன்னாள். ஸ்பிரே, வேப்பிலை, நாப்தலின், ஹாலுக்குப் படுக்கை மாற்றியது. அன்வரி பேகம் கடைசியைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அரே, ரூமை மாத்தலாமா? நீ எங்க போறியோ அது தேடிக்கினு பின்னாடியே வரும். ஒரே ரூம்ல இருந்ததை ரெண்டு ரூமாக்கிட்டே. இந்தப் பலகையையும் மூடாம தூக்கிக்கினு வந்திருக்கே. படிக்கட்டெல்லாம் உதிர்த்துக்கினு வந்திருப்பே. மொதல்ல கட்டிப் போடணும், அப்புறம்தான் தூக்கணும்."

பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். துணி, உறை, விரிப்பு எல்லாவற்றையும் அந்த அறையிலேயே கறுப்புக் கவரில் போட்டு இறுகக் கட்ட வேண்டும். கவரை அப்படியே கொண்டுபோய்க் கொதிக்கக் கொதிக்க இருக்கும் வெந்நீரில் கொட்ட வேண்டும். மெத்தைத் தையலிலும் கட்டில் மூட்டுகளிலும் ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை அழுத்தி ஆவி ஏற்ற வேண்டும், சூட்டுக்கு மட்டும்தான் அது பயப்படும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்திப் போட்டு, நாலு காலுக்கும் கிண்ணம் வைத்து சோப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். விரிப்பு தரையைத் தொடக் கூடாது.

"நோயாளி இருக்கற வூட்ல மண்ணெண்ணெய் கிட்ட போவாதே. நெறைய பேர் அதைத்தான் ஊத்துவாங்க. தீப்புடிச்சா இன்னா பண்ணுவே?"

"இதெல்லாம் பண்ணா போயிடுமா?"

அன்வரி பேகம் மிளகாயைக் கிளறிவிட்டு யோசித்தாள். "கொறையும். முட்டை முழுசா சாவாது ஜெயா. பத்து நாள்ல திரும்பப் பொரியும், திரும்ப எல்லாத்தையும் மொதல்லேர்ந்து பண்ணணும். உன் வூட்ல மட்டும் இருந்தா இதுவே போதும். பக்கத்து வூட்டுக்கும் கீழ் வூட்டுக்கும் போயிருந்தா எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து அடிச்சாத்தான் போவும். இல்லேன்னா இங்கேர்ந்து அங்க, அங்கேர்ந்து இங்க."

"பக்கத்து வீடு உங்க வீடுதானே?"

"நான் தினம் பாக்கறேன். இன்னும் வரலை. இன்ஷா அல்லா வராது" என்றாள் அன்வரி பேகம். மிச்சமிருந்த பலகைகளைக் கட்டித் தூக்கிவர அவளும் கூட இறங்கினாள்.

அன்றைக்கு இருவரும் மூன்று மணி நேரம் வேலை செய்தார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்த ஆஸ்பத்திரித் துணிப்பையை அன்வரி பேகம் கைபடாமல் கவருக்குள் தள்ளிக் கட்டினாள். இஸ்திரிப்பெட்டியைப் பிடித்துப் பிடித்து ஜெயபாரதியின் தோள்பட்டை கழன்றுபோனது. இதைத் தினமும் காலையில் ஆபீஸ் போவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாள். நாலரைக்கு எழுந்தாலும் நேரம் போதவில்லை. பஸ்ஸில் நின்றபடியே தூங்கினாள். ஜவஹரின் தடிப்புகள் பாதியாகக் குறைந்தன. பாதி அப்படியே இருந்தன.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, ஜெயபாரதி செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தேவானை வந்தாள். வழக்கமாக வரும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்.

"இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டியே?"

"கீழ் வூட்ல வேலை இல்லக்கா. நிறுத்திட்டாங்க." தேவானை பையைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றாள். "அவங்க வூட்டுக் கட்டில்ல மூட்டைப்பூச்சி கீதாம். நான்தான் எங்க வூட்லேர்ந்து கொண்டாந்தேனாம். மேல செகரட்டரி வூட்லயும் இனிமே வராதேன்னுட்டாங்க. ரெண்டாவது மாடி டீச்சரம்மாவும் அதான் சொன்னாங்க."

ஜெயபாரதி ஒரு செருப்போடு நின்றாள்.

"எங்க வூட்ல கொசு கீதுக்கா, எலி கீது, மழை வந்தா தண்ணி உள்ள வரும். மூட்டைப்பூச்சி கெடையாது. வந்து பாருங்கன்னு சொன்னேன். அவங்க கேக்கலை."

"தேவானை..."

"எனக்குத் தெரியும்க்கா." தேவானை குரலை உயர்த்தவில்லை. "அண்ணனுக்குக் கஞ்சி குடுக்கறவ நான்தானே? அவர் கையைப் பாத்தேன். கட்டிலுக்குக் கீழ பெருக்கறவளும் நான்தானே? உங்களுக்கே தலைக்கு மேல கீது, நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஜெயபாரதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் கீழ பேசறேன்" என்றாள். "சாயந்திரம் வந்ததும் பேசறேன்."

சாயந்திரம் வந்ததும் பேசவில்லை. ஜவஹர் அன்று வாக்கரோடு கழிவறைக்குப் போக முயன்று பாதியில் நின்றுபோய், உடையெல்லாம் நனைந்து, வெட்கத்தில் அவள் மேலேயே எரிந்து விழுந்தார். அவரைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்து, தரையைத் துடைத்து, விரிப்பைக் கவரில் கட்டி, வெந்நீர் போட்டு முடித்தபோது கீழே இறங்க அவளால் முடியவில்லை. நாளைக்கு என்று நினைத்தாள். நாளைக்கும் போகவில்லை. வியாழக்கிழமைக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆபீஸிலிருந்து வந்தவள் ஸ்வர்ணலதாவின் கதவைத் தாண்டி ஏறினாள், அவ்வளவுதான். தேவானை அந்த இரண்டு நாளும் நேரத்துக்கு வந்து வேலையை முடித்துவிட்டுப் போனாள் என்று ஜவஹர் சொன்னார். "பேச்சே இல்லை. நீ ஏதாவது திட்டினியா?"

வெள்ளிக்கிழமை காலை பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் சங்கச் செயலாளர் வெங்கடரமணன் ஒரு செய்தி போட்டிருந்தார். மூட்டைப்பூச்சித் தொல்லை காரணமாக, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் தங்கள் பைகளை கேட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும், குடியிருப்போர் ஒத்துழைக்கவும் என்று. கீழே ஏழு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

ஜெயபாரதி ஆபீஸுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று சொன்னாள். ஜவஹரின் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். "உங்களுக்கு வந்தது மாத்திரை அலர்ஜி இல்லை. மூட்டைப்பூச்சி. ஆஸ்பத்திரியிலேர்ந்து நான்தான் கொண்டுவந்தேன்னு நினைக்கறேன்."

"இதை நீ தனியாவா வெச்சிருந்தே?" என்றார்.

அவள் கீழே இறங்கினாள்.

ஸ்வர்ணலதா வீட்டில் சோபாவை நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். மெத்தைகள் சுவரில் சாய்ந்திருந்தன. ஸ்வர்ணலதாவின் கண்கள் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன. அடுத்த வாரம் மருமகளுக்கு வளைகாப்பு, ஊரிலிருந்து இருபது பேர் வந்து தங்குவதாக இருந்தது.

"உக்காருங்கன்னு சொல்ல முடியலைக்கா, எல்லாம் அந்தப் பொம்பளையால..."

"அவளால இல்லை ஸ்வர்ணா. மூட்டைப்பூச்சி எங்க வீட்டுலதான் இருக்கு. ஒரு மாசமா இருக்கு. எங்க வீட்டுலேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கணும்."

ஸ்வர்ணலதா புரியாதவள் போல நின்றாள். முப்பது வருடச் சென்னைப் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்தது. "என்ன சொல்லுதீங்க? அப்ப நான் உங்க வீட்டுக் கட்டில்ல வந்து உக்காந்தேன்லா?"

"மொத தடவை வந்தப்போ எனக்குத் தெரியாது."

"ரெண்டாம் தடவை?"

"தெரியும்." பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை. "நாற்காலி போட்டேன். நீங்க கட்டில்ல உக்காந்தீங்க. எழுந்திருங்கன்னு சொல்லலை. வெக்கமா இருந்துச்சு."

"உங்களுக்கு வெக்கம். நாங்க நாலு நாளா தூங்கல. வயித்துப் புள்ளக்காரி, மேலெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கி வச்சிருக்கா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"தப்புதான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா?"

உள்ளறையிலிருந்து ஸ்வர்ணலதாவின் கணவர் சுரேஷ்குமார் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். ஸ்வர்ணலதா சாய்த்து வைத்திருந்த மெத்தையை வெறித்துக்கொண்டிருந்தாள். திட்ட இன்னும் நிறைய இருந்தது போலிருந்தது. ஆனால் அவளும் நாலு நாள் தூங்காதவள்.

"இப்ப என்ன செய்யணுங்கீங்க?" என்றாள் கடைசியில்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே நாள்ல மருந்து அடிக்கணும். இல்லேன்னா திரும்பத் திரும்ப வரும். நான் செகரட்டரிகிட்ட போறேன். தேவானையைப் பத்தி..."

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க."

மூன்றாவது மாடி ஏறும்போது ஜெயபாரதி இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். வெங்கடரமணன் ஈஸிசேரில் செய்தித்தாளோடு இருந்தார். ரிட்டயர் ஆன பாங்க் அதிகாரி. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது அது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. அவர் பேப்பரை மடித்தார். திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு மாசம்னா சொல்றேள்?"

"ஆமா சார். சரியா முப்பத்தஞ்சு நாள் இருக்கும்."

"எங்காத்துல ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்பிள்ளையும் பொண்ணும் டூர் போயிட்டு வந்து பெட்டியை இங்க வெச்சிண்டிருந்தா. அப்பறம்தான் ஆரம்பிச்சது. ஆத்துல சொல்ல வேண்டாம்னா. ஏதோ பவுடர் வாங்கிப் போட்டுண்டிருக்கோம்."

ஜெயபாரதி அவரைப் பார்த்தாள். அப்படியென்றால் இது தன் வீட்டிலிருந்தே வந்திருக்காமல் இருக்கலாம். இவர் வீட்டிலிருந்து கீழே இறங்கியிருக்கலாம். அந்த டீச்சர் வீட்டில் அதற்கும் முன்னால் இருந்திருக்கலாம். கேட்டதும் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

"உங்க வீட்டுல ரெண்டு மாசமா இருக்குன்னு தெரிஞ்சும் தேவானையை நிறுத்தினீங்களா சார்? குரூப்ல அப்படிப் போட்டீங்களா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கீழாத்து மாமி வந்து அப்படி அடிச்சுச் சொன்னா. நாங்களும், ஒருவேளை அவகிட்டேர்ந்துதான் வந்ததோன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "வெளில சொல்லிடாதேங்கோம்மா."

"நான் எங்க வீட்டைப் பத்தி இப்ப குரூப்ல எழுதப் போறேன் சார். உங்க வீட்டைப் பத்தி நீங்கதான் எழுதணும்."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினாள். எங்கள் வீட்டில் ஒரு மாதமாக மூட்டைப்பூச்சி இருக்கிறது, முதலிலேயே சொல்லாதது என் தவறு, வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் மருந்தடிக்க வேண்டும். அனுப்பிவிட்டுப் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள். மத்தியானம் எடுத்துப் பார்த்தபோது நீண்ட நேரம் யாரும் எதுவும் எழுதாமல் இருந்து, பிறகு டீச்சரம்மா 'எங்கள் வீட்டிலும்' என்று இரண்டு வார்த்தை போட்டிருந்தாள். அதற்குப் பிறகு தரைத்தளத்தில் இன்னொரு வீடு. சாயந்திரம் வெங்கடரமணன் காலையில் போட்ட செய்தியை அழித்துவிட்டு, 'நமது பிளாக்கில் எங்கள் வீடு உட்பட ஐந்து வீடுகளில் இப்பிரச்சினை உள்ளது' என்று எழுதினார். அதற்கு மேல் அவரிடமிருந்து வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருந்தடிக்க ஆட்கள் வருவதாக முடிவானது. பன்னிரண்டு வீடுகளும் காலை எட்டு மணிக்குக் காலியாக வேண்டும், ஐந்து மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. ஸ்வர்ணலதா வளைகாப்பை ஒரு மண்டபத்துக்கு மாற்றிக்கொண்டாள். அவள் ஜெயபாரதியிடம் அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஜவஹரை எப்படிக் கீழே இறக்குவது என்று ஜெயபாரதி தவித்துக்கொண்டிருந்தபோது சுரேஷ்குமார் தானாகவே மேலே வந்தார்.

"லதா போகச் சொன்னா" என்றார்.

ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மெஹபூப் அலி. ஜவஹர் ஒவ்வொரு படியாக இறங்கினார். பதினெட்டுப் படி, பன்னிரண்டு நிமிடம். ஐம்பது நாளாக வீட்டுக்கு வெளியே வராத மனிதர் பாதாம் மரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பிளாக் முழுவதும் அங்கே இருந்தது. கறுப்புக் கவர் மூட்டைகளோடு, ஃபிளாஸ்க்குகளோடு, தூக்கக் கலக்கத்தோடு. கோடாலி முடிச்சும் நைட்டியும் மேலே துண்டுமாக டீச்சரம்மா. மடித்துக்கட்டிய வேட்டியோடு செயலாளர்.

"ரயில் லேட்டான ஸ்டேஷன் மாதிரி இருக்கு" என்றார் ஜவஹர். பல நாளுக்குப் பிறகு அவர் வேடிக்கையாகப் பேசியதைக் கேட்டு ஜெயபாரதி திரும்பிப் பார்த்தாள். மெஹபூப் அலி சிரித்துவிட்டு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மத்தியானம் வரை இருவரும் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

தேவானை அன்று வரவில்லை. ஸ்வர்ணலதா அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "நாளையிலேர்ந்து வா" என்று சொல்லியனுப்பினாள். தேவானை போகவில்லை. டீச்சரம்மா வீட்டுக்குப் போனாள். செயலாளர் வீட்டுக்கும் இல்லை என்றுவிட்டாள். அந்த நேரத்துக்கு அடையாறில் புதிதாக ஒரு வீடு பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு?" என்று கேட்டிருந்தாள் ஜெயபாரதி.

"அண்ணனை அப்படியே உட்டுட்டுப் போவ முடியுமா?" என்றாள் தேவானை. பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, "ரெண்டு நாள் காத்துக்கினு இருந்தேன்க்கா" என்றாள். இரண்டு நாளும் தனக்கு உடம்பு எப்படி இருந்தது என்று ஜெயபாரதி சொல்லலாம். அது தேவானைக்கும் தெரியும். தெரிந்துதான் அவள் அதைச் சொன்னாள்.

பதினைந்து நாள் கழித்து இரண்டாவது முறை மருந்தடித்தார்கள். முட்டையிலிருந்து பொரிந்தவை அதோடு போகும் என்றார்கள். அதற்குப் பிறகும் ஜெயபாரதி தினமும் காலையில் போன் டார்ச்சை அடித்து மெத்தைத் தையலை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் ஒன்றுமில்லை. கட்டில் கால் கிண்ணங்களில் தண்ணீரை மாற்றுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. தங்கையை வரச்சொல்லிப் போன் செய்தாள். "இப்ப இன்ஃபெக்‌ஷன் ஆகாதா?" என்று தங்கை குத்தலாகக் கேட்டாள். அவளிடமும் உள்ளதைச் சொன்னாள். தங்கை வர இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றாள். அதுவும் நியாயம்தான் என்று ஜெயபாரதிக்குப் பட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜவஹர் தானே வாக்கரைப் பிடித்துக் குளியலறைக்குப் போய்த் தானே திரும்பினார். ஜெயபாரதி ஹாலில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். உரித்த இரண்டு வெங்காயம் தட்டில் இருக்க, வெறும் தரையில் ஒரு நிமிடம் தலை சாய்க்கலாம் என்று சாய்ந்தாள்.

பாத்திரம் மோதும் சத்தத்தில் கண் விழித்தபோது மணி பதினொன்று. சமையலறையில் தேவானை இருந்தாள். ஹால் முழுவதும் துடைத்திருந்தது. ஃபினாயில் வாசனை. தரை இன்னும் காயவில்லை. அவள் படுத்திருந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அளவுக்கு உலர்ந்து கிடந்தது. வெங்காயத் தட்டு அங்கே இல்லை.

"எழுப்பியிருக்கலாம்ல?" என்றாள் ஜெயபாரதி, எழுந்து உட்கார்ந்து முடியை முடிந்தபடி.

"எழுப்பினா மட்டும் நீங்க இன்னா பண்ணப் போறீங்க? வெங்காயம் நான் அரிஞ்சாச்சு." தேவானை மாப்பும் பக்கெட்டுமாக வாசற்படியில் வந்து நின்றாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் நவுந்துக்கோங்கக்கா. நீங்க படுத்த எடம் மட்டும்தான் பாக்கி."